ஓடிக் களைத்த காருக்கு ஏன் விலை ஏறியது?

என் சித்தப்பா 2018 இல் ஒரு சுசுகி வகன் ஆர் வாங்கினார். ஜப்பானில் மூன்று வருடம் ஓடி, பிறகு கப்பலேறி வந்த 660 சிசி கார். கொடுத்த காசு 35 இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த நாலு வருடம் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்குமாக அதை ஓட்டித் தள்ளினார். பின் பம்பரில் ஒரு நீளக் கோடு விழுந்தது, முன் சீற்றில் தேத்தண்ணிக் கறை படிந்தது, ஏசி போட்டால் உள்ளே யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் வேறு. 2022 தொடக்கத்தில் ஒரு தரகர் வீட்டு வாசலுக்கே வந்து, அந்தக் காருக்கு 62 இலட்சம் தருவதாகச் சொன்னார். வேறு யாருடைய காரையோ தேடி, விலாசம் மாறி வந்துவிட்டார் என்றுதான் சித்தப்பா முதலில் நினைத்தாராம்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்குப் பெறுமானத் தேய்வு என்ற சொல் மறந்திருக்காது. கார், இயந்திரம், தளபாடம் எல்லாம் வருடத்துக்கு இவ்வளவு என்று பெறுமதி குறைந்துகொண்டே போகும். நாமும் பேரேட்டில் கழித்துக்கொண்டே போவோம். ஓடிய கார் விலை ஏறும் என்பதற்கு அந்தப் பேரேட்டில் ஒரு நிரலே கிடையாது. ஆனால் 2020 க்குப் பிறகு இலங்கையில் நடந்தது அதுதான். 2021 இல் அமெரிக்காவிலும் நடந்தது, வேறொரு காரணத்தால். இரண்டுக்கும் அடியில் இருக்கிற கணக்கு ஒன்று. பொருளியல் படிக்காதவர்களுக்கும் விளங்குகிற கணக்கு.

கேள்வியும் நிரம்பலும்

எங்கள் பாடப்புத்தகங்களில் கேள்வி, நிரம்பல் என்று இரண்டு சொற்கள் வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் தேவை, அளிப்பு என்பார்கள். (கேள்வி என்றால் வினா என்று நினைத்து, பொருளியல் முதல் வகுப்பில் முழித்துக்கொண்டிருந்த ஆள் நான்.) வாங்க நினைக்கிறவர்கள் கூடினால் விலை ஏறும், விற்க வருகிற பொருள் கூடினால் இறங்கும். இதுவரை சந்தைக்குப் போன எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

காருக்கு வரும்போது இதில் ஒரு சிக்கல். தக்காளி என்றால் இன்று வந்தது இன்று முடியும். கார் அப்படியில்லை. வீதியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கார்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றோடு ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கொஞ்சம் வந்து சேரும், கிழடு தட்டியதில் கொஞ்சம் கழிந்து போகும். குளத்தில் நிற்கிற தண்ணீர் ஒன்று, வாய்க்காலில் வருகிற தண்ணீர் இன்னொன்று. ஒரு மாதம் வாய்க்கால் வற்றினால் குளத்தில் பெரிய மாற்றம் தெரியாது. நாலு, ஐந்து வருடம் வற்றினால்?

இன்னொன்றும் இருக்கிறது. பழைய காருக்கென்று தனியாக ஒரு விலை கிடையாது. ஒருவர் ஓடிய கார் வாங்கப் போகும்போது மனதில் இரண்டு தெரிவுகளை வைத்துக்கொண்டுதான் போகிறார். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துப் புதிது எடுப்பதா, ஓடியதோடு சமாளிப்பதா? ஒன்றுக்குப் பதிலாக மற்றதை வாங்கலாம் என்பதால் இவற்றைப் பிரதியீட்டுப் பண்டங்கள் என்பார்கள். புதுக் கார் 50 இலட்சம் என்றால் அதே மாதிரியில் ஐந்து வருடம் ஓடியதற்கு 50 கொடுக்க யாருக்கும் பைத்தியமா? புதுக் காரின் விலை, ஓடிய காரின் தலைக்கு மேல் ஒரு முகடுபோல நிற்கிறது. அந்த முகட்டைத் தூக்கினால் கீழே உள்ளது எல்லாம் தானாக மேலே ஏறும். முகட்டையே கழற்றிவிட்டால், எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே சித்தப்பாவின் காருக்கு 62 இலட்சம் சொன்ன தரகர், அந்தக் காரைப் பார்த்து விலை சொல்லவில்லை. பம்பர் கோட்டையும் தேத்தண்ணிக் கறையையும் அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இதைப்போல இன்னொன்றை இன்று எடுப்பதென்றால் என்ன செலவாகும், எடுக்கத்தான் முடியுமா என்பதுதான் அவருடைய கணக்கு.

கதவு ஏன் மூடப்பட்டது?

இலங்கையில் சில இடங்களில் உதிரிப்பாகங்களைக் கொண்டுவந்து கார் பொருத்துகிறார்கள். ஆனால் வீதியில் ஓடுவதில் மிகப் பெரும்பாலானவை வெளியிலிருந்து வருபவை. ஆல்ட்டோ இந்தியாவிலிருந்து வரும். விட்ஸ், அக்வா, பிறிமியோ, வகன் ஆர் எல்லாம் ஜப்பானில் கொஞ்ச நாள் ஓடி, அங்கே ஏலத்தில் எடுக்கப்பட்டு, ரீகண்டிஷன் என்ற பெயரோடு இறங்கும். எல்லாவற்றுக்கும் டொலரோ யென்னோ கட்ட வேண்டும். 2018 இல் சொந்தப் பாவனை வாகனங்களுக்கு மட்டும் நாடு 150 கோடி டொலருக்கு மேல் செலவழித்தது. 2019 முடிவில் நாட்டின் கையிருப்பு ஏறத்தாழ 760 கோடி டொலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நெருக்கடி வந்ததும் அரசின் கண் முதலில் எங்கே போயிருக்கும் என்று தெரியும்.

2020 மார்ச்சில் கொரோனா வந்து சுற்றுலா நின்றது. டொலர் உள்ளே வருகிற வழிகள் அடைபட்டன. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சில மாதங்களுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1 ஆம் திகதி. நடுவில் 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்ததும், பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் உதவியை அங்கீகரித்ததும் தனிக் கதைகள். காரைப் பொறுத்தவரை ஏறத்தாழ ஐந்து வருடம் வாய்க்கால் வற்றிக் கிடந்தது.

மஞ்சளும் காரும்

அதே காலத்தில் மஞ்சள் இறக்குமதியையும் கட்டுப்படுத்தினார்கள். கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்ற மஞ்சள் தூள் ஆயிரங்களுக்கு ஏறியது. உடனே என்ன நடந்தது? மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கடற்படை அடிக்கடி பிடித்தது தமிழ்நாட்டிலிருந்து படகில் வந்த மஞ்சள் மூட்டைகளைத்தான். இன்னொரு பக்கம் உள்ளூரில் ஆக்கள் மஞ்சள் நடத் தொடங்கினார்கள். என் அம்மம்மாகூடக் கிணற்றடியில் ஒரு பாத்தி போட்டார். விலை ஏறினால் எங்கிருந்தோ பொருள் வந்து சேர முயற்சிக்கும், வந்து சேர்ந்தால் விலை கொஞ்சம் இளகும். இந்த வளைந்து கொடுக்கும் தன்மைக்குத்தான் நெகிழ்ச்சி என்று பெயர்.

காரைக் கிணற்றடியில் நட முடியாது. படகில் கொண்டுவந்து இறக்கினாலும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் வீதியில் விட முடியாது. இங்கே பொருத்திய கொஞ்சத்தைத் தவிர, விலை இரண்டு மடங்கானாலும் கார்கள் கூடவில்லை. நிரம்பல் கல்லாக இறுகிவிட்ட சந்தையில், வாங்குகிறவர் பக்கம் சிறிது அசைந்தாலும் முழு அசைவும் விலையில்தான் காட்டும்.

அதற்கு மேல், இருக்கிற கார்களும் விற்பனைக்கு வரவில்லை. சித்தப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 62 இலட்சம் என்றதும் சித்திக்குக் கண் விரிந்தது. சித்தப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “வித்துப்போட்டு நாங்கள் எதிலை போறது?” கையில் 62 வந்தாலும், அதே போன்ற இன்னொரு காருக்கு 62 கொடுக்க வேண்டும், தரகருக்கு வேறு அழ வேண்டும். இலாபம் கடதாசியில் மட்டும்தான். வீட்டில் இரண்டு வாகனம் வைத்திருந்தவர்கள், வெளிநாடு கிளம்பியவர்கள், காசு முடை வந்தவர்கள் விற்றார்கள். மற்றவர்கள் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தட்டுப்பாடு தட்டுப்பாட்டைக் கூட்டுவது இப்படித்தான்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முதல் தடவை இல்லை. 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது குடாநாட்டுக்குள் புதிதாகக் கார் வரவும் வழியில்லை, பெற்றோலும் இல்லை. ஒஸ்ரின் ஏ40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுக்கப் புகை. வேறு எங்கேயென்றால் எப்போதோ இரும்புக்குப் போயிருக்க வேண்டிய கார்கள் அவை. புதிது வராத ஊரில் பழையது சாவதில்லை. திருத்துகிற மெக்கானிக்கின் கூலியும் உதிரிப்பாகத்தின் விலையும் காரின் விலையோடு சேர்ந்து ஏறும். 2021 க்குப் பிறகு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் பாகம் தேடிப் போனவர்கள் இதை நன்றாகவே அனுபவித்திருப்பார்கள்.

வாங்க ஏது காசு?

பொருள் குறைந்தது சரி. வேலை போய், சம்பளம் குறைந்த காலத்தில் அத்தனை விலை கொடுத்து வாங்கியவர்கள் யார்?

கொரோனாவுக்குப் பிறகு பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக மத்திய வங்கி வட்டியை இறக்கியது. 2020 ஜூலையில் அதன் கொள்கை வீதங்கள் (வங்கிகள் அதனிடம் காசு வைப்பதற்கும் கடன் எடுப்பதற்கும் உள்ள வட்டி) 4.5, 5.5 வீதங்களுக்கு வந்தன. வங்கியில் போட்ட காசுக்குக் கிடைப்பது சொற்பம்; லீசிங் (வாகனம் வாங்க நிதி நிறுவனம் தரும் தவணைக் கடன்) எடுத்தால் கட்ட வேண்டியதும் குறைவு. பிறகு பணவீக்கம் மெல்லத் தலைகாட்டியது. கையில் இருக்கிற ரூபாய் கரைகிறது என்று பயந்தவர்கள் கரையாத ஏதாவதொன்றைத் தேடினார்கள். சிலர் தங்கம், சிலர் காணி, வேறு சிலர் கார். ஓடுவதற்கு வாங்குகிற பொருளைச் சேமிப்புப் பெட்டியாக வாங்கத் தொடங்கினால் அதன் விலைக்குத் தேய்மானமே கிடையாது. வாங்கி, மூடுசீலை போட்டு நிறுத்தி, ஆறு மாதத்தில் விற்று இலாபம் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, ஆனால் அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. வங்கியில் போட்டிருந்தால் அவர்கள் தோற்றிருப்பார்கள்.

2022 மார்ச்சில் ரூபாயைத் தாங்கிப் பிடிப்பதை விட்டார்கள். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் வட்டியைக் கூட்டியது. அந்த செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியது. லீசிங் எடுப்பது பகற்கனவாகிவிட்டது. பெற்றோலும் இல்லை. இப்போது கார் விலை விழுந்திருக்க வேண்டும் அல்லவா? சந்தை மந்தமானது, பெரிய இயந்திரக் கார்களை விற்க நினைத்தவர்கள் தடுமாறினார்கள். ஆனாலும் 2019 விலைக்குத் திரும்பவே இல்லை. கேள்வி சுருங்கியது உண்மை. ஆனால் டொலர் அவ்வளவு ஏறியபின், கதவு நாளைக்கே திறந்தாலும் உள்ளே வரும் கார் மலிவாக இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முகடு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது.

அந்த நாட்களில் விலை உண்மையாகவே பறந்தது துவிச்சக்கர வண்டிக்கு. 2022 ஓகஸ்டில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று பங்கு வைத்தபோது இன்னொரு வேடிக்கை. கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த ஸ்கூட்டருக்கும் ஒரு மரியாதை வந்தது. அது ஓடத் தேவையில்லை, பதிவு இருந்தால் போதும், வாரம் 4 லீற்றர். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் சில்லு இல்லாத ஸ்கூட்டருக்கு வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுத்தார்.

அமெரிக்காவில் நடந்தது

எங்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். அமெரிக்காவில் கார் இல்லாமல் போனது சில்லு இல்லாததால் அல்ல, சிப் இல்லாததால்.

2020 வசந்த காலத்தில் தொழிற்சாலைகள் மூடியபோது, இனி யார் கார் வாங்கப் போகிறார்கள் என்று நினைத்துக் கார் நிறுவனங்கள் தங்களுக்கு வர வேண்டிய சிப்களுக்கான ஓடர்களை வெட்டின. சிப் தொழிற்சாலைகள் சும்மா இருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு மடிகணினி வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கருவி வேண்டும். அந்த வேலைகளை எடுத்துக்கொண்டன. சில மாதத்தில் கார் வாங்க ஆக்கள் திரும்பி வந்தார்கள், நிறுவனங்களும் சிப்புக்குத் திரும்பி ஓடின. வரிசையில் அவற்றின் இடம் போய்விட்டிருந்தது. போதாததற்கு 2021 பெப்ரவரியில் டெக்சஸில் அடித்த பனிப்புயலில் ஒஸ்ரின் நகரத்துச் சிப் ஆலைகள் நின்றன. மார்ச்சில் ஜப்பானின் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது. ஒரு நவீனக் காரில் நூற்றுக்கணக்கான சிப்கள். ஒன்று குறைந்தாலும் கார் ஆலையை விட்டு வெளியே போகாது. சில டொலர் பெறுமதியான ஒரு பாகத்துக்காக, முடிக்கப்படாத போர்ட் பிக்கப்கள் வெளியில் மைதானம் மைதானமாகக் காத்து நின்றன. 2011 நிலநடுக்கத்தில் அடிபட்ட ரொயோட்டா மட்டும் அந்தப் பாடத்தை மறக்காமல் சிப்களைக் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தது. மற்றவர்களை விடத் தாமதமாகத்தான் அதற்கு நெருக்கடி வந்தது.

ஓடிய கார் சந்தைக்கு அங்கே கார் எங்கிருந்து வரும் என்று பார்த்தால் இன்னொரு முடிச்சு அவிழும். வாடகைக் கார் நிறுவனங்கள் வழக்கமாக ஒன்றிரண்டு வருடம் ஓட்டிவிட்டு விற்பார்கள். சந்தைக்கு நல்ல கார்கள் வருகிற பெரிய வழி அது. 2020 இல் பயணம் நின்றதும் அவர்கள் கார்களை அள்ளி விற்றுவிட்டார்கள். ஹேட்ஸ் நிறுவனம் அந்த மே மாதமே வங்குரோத்துப் பாதுகாப்புக்குப் போனது. 2021 இல் பயணிகள் திரும்பி வந்தபோது புதிது கிடைக்காமல், விற்றவர்களே ஓடிய கார் சந்தைக்கு வந்து வாங்கினார்கள். அமெரிக்க அரசின் விலைச் சுட்டெண்படி, ஓடிய கார்களின் விலை 2021 ஜூன் மாதத்தில் மட்டும் 10.5 வீதம் ஏறியது. ஒரு வருடத்துக்கு முந்தியதோடு ஒப்பிட்டால் 45 வீதம்.

ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம். அங்கே அடைபட்டது தொழிற்சாலை. சிப் வந்தது, ஆலை ஓடியது, ஓடிய கார் விலையும் 2022 பிற்பகுதியில் இறங்கத் தொடங்கியது. இங்கே அடைபட்டது துறைமுகம். ஜப்பானில் கார் இருந்தது, கப்பலும் இருந்தது. எங்களிடம்தான் டொலர் இல்லை.

கதவு திறந்த பிறகு

2024 கடைசியில் கையிருப்பு 600 கோடி டொலரைத் தாண்டியிருந்தது. “கொஞ்சம் பொறு, இறக்குமதி திறந்தால் விலை விழும்” என்று எல்லா மாமாக்களும் சொன்னார்கள். 2025 பெப்ரவரியில் திறந்தது. விலை பலர் எதிர்பார்த்தபடி விழவில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்து 10,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 தொடக்கத்தில் டொலர் 182 ரூபாய் அளவில் இருந்தது. ஆகவே 18 இலட்சத்துச் சொச்சம். 2025 இல் ஏறத்தாழ 300 ரூபாய், ஆகவே 30 இலட்சம். வரிக்கு முதலே 12 இலட்சம் ஏறிவிட்டது. இனி வரி, 2025 இல் இருந்தபடி. சுங்க இறக்குமதி வரி 20 வீதம், அந்த வரியின் மேல் அதில் பாதி மேல்வரி. சேர்த்து 30 வீதம், 9 இலட்சம். அடுத்தது உற்பத்தி வரி. இது காரின் விலையைப் பார்ப்பதில்லை, பெற்றோல் காருக்கு இயந்திரம் எத்தனை சிசி என்று பார்க்கும், மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவைப் பார்க்கும். கணக்குக்காக 25 இலட்சம் என்று நானாகப் போடுகிறேன். இதுவரை 64. இதன் மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. காருக்கு மட்டுமல்ல, மேலே கட்டிய வரிகளுக்கும் சேர்த்துத்தான். வரிக்கு வரி! ஏறத்தாழ இன்னொரு 12 இலட்சம். மொத்தம் 76. இறக்குமதி செய்தவரின் இலாபம், வங்கிச் செலவு, பதிவுச் செலவு இன்னும் சேரவில்லை. விலை கூடிய கார் என்றால் சொகுசு வரியும் உண்டு. 30 இலட்சத்துக் கார் 80 இலட்சமாகத்தான் வாசலுக்கு வரும்.

எங்கள் ஆக்கள் எந்தக் காரைக் கண்டாலும் “எத்தனை சிசி?” என்று கேட்பது ஏனென்று இப்போது விளங்கியிருக்கும். வேகத்தை அறிவதற்காக அல்ல.

இங்கே அரசின் நிலையும் கொஞ்சம் இக்கட்டானது. வரியைக் குறைத்தால் இறக்குமதி பெருகி டொலர் மறுபடி ஓடிவிடும் என்ற பயம். அதோடு கஜானாவுக்கு இந்த வரிக் காசு மிகவும் தேவை. தடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மதில் கட்டியதுபோலத்தான் இது. கதவு திறந்திருக்கிறது, ஏறிக் குதிக்கக் காசு உள்ளவர் வரலாம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. பொதுப் பேருந்து ஒழுங்காக ஓடாத ஊரில் சின்னக் காரைச் சொகுசுப் பொருளாகப் பார்ப்பது நியாயமா என்று கேட்பேன். ஆனால் 2022 இல் பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க நின்றதை நினைத்தால் வாய் கொஞ்சம் அடங்கும்.

இன்னொரு விளைவு மெதுவாகத்தான் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும்? ஐந்து வருடம் கழித்துச் சேர்க்கத் தொடங்கினாலும் நடுவில் ஒரு வெற்றிடம் வகுப்பு வகுப்பாக மேலே போய்க்கொண்டே இருக்கும். எங்கள் வீதியிலும் அப்படி. 2019 வரை வந்த கார் இருக்கிறது, 2025 இல் வந்த கார் இருக்கிறது, நடுவில் வந்தது அநேகமாக இல்லை. இரண்டு மூன்று வருடம் இங்கே ஓடிய, அதிகம் பழுதில்லாத கார் என்பதுதான் நடுத்தரக் குடும்பம் வழக்கமாகத் தேடுவது. அந்த வகுப்பில்தான் பிள்ளைகளே இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம்

விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. கார் கைமாறும் விலை வேறு. ஒரே கார் இரண்டு மாதமாக விளம்பரத்தில் கிடந்தால் கேட்கும் விலைக்கு ஆள் வரவில்லை என்று பொருள். அதைத் தைரியமாகக் குறைத்துக் கேளுங்கள். அதே மாதிரியை இன்று இறக்கினால் வாசலுக்கு என்ன விலையில் வரும் என்று விசாரித்துவிட்டுப் போனால், பேரம் பேசும்போது உங்கள் கையில் ஒரு அளவுகோல் இருக்கும்.

பழைய காருக்கு நல்ல விலை இருக்கும் காலத்தில் பொய் சொல்வதும் இலாபமான தொழில். என் நண்பன் ஒருவன் கொழும்புக்கு வெளியே ஒரு கார் சேலில் 60,000 கிலோமீற்றர் ஓடியது என்று சொல்லி விற்ற காரை எடுத்தான். பிறகு ஜப்பான் ஏல அறிக்கையை எடுத்துப் பார்த்தால், கப்பலேறும்போதே அது 1,10,000 ஓடியிருந்தது. மீற்றரைப் பின்னுக்குச் சுற்றிவிட்டார்கள். ஏல அறிக்கையைக் கார் வாங்க முதல் பார்க்க வேண்டும், வாங்கிய பிறகு பார்த்தால் நெஞ்சுவலிதான் மிச்சம். சேஸி இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். லீசிங் முடிந்ததா, இன்னும் ஏதாவது நிறுவனத்தின் பெயர் புத்தகத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஓப்பன் பேப்பரில் (விற்கிறவர் தன் பெயருக்குப் பதிவை மாற்றாமல், பழைய உரிமையாளரின் கையெழுத்தோடு தரும் பத்திரத்தில்) எடுக்கச் சொன்னால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் யோசியுங்கள்.

கொஞ்சம் பொறுத்தால் மலியுமா என்று என்னிடமும் கேட்கிறார்கள். டொலர், வரி, வட்டி மூன்றில் எது இறங்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன். மூன்றும் நின்ற இடத்தில் நின்றால் காரும் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

சித்தப்பா கடைசிவரை விற்கவில்லை. கதவு திறந்த பிறகு, ஆசையாகக் கொழும்புக்குப் போய் வகன் ஆரின் புதிய மாதிரியைப் பார்த்தார். உள்ளே ஏறி இருந்தார், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார். விலை 70 இலட்சத்துக்கு மேல். இறங்கிக் கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு, பஞ்சிகாவத்தைப் பக்கம் போய் நாலு ரயரும் ஒரு ஏசி கொம்பிரசரும் வாங்கிக்கொண்டு வந்தார். ரயர் நன்றாக இருக்கிறது. ஏசிக்குள் இருக்கிறவர் இன்னும் முனகுகிறார்.